உலகம் அழிந்த பின் ஓடிய வண்டிகள்

1930களில் கனடாவின் மேற்குச் சமவெளியில் மழை பொய்த்தது. கோதுமை விலை அதலபாதாளத்தில் விழுந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஆசை ஆசையாகக் கார் வாங்கியிருந்த சஸ்காட்சுவான் விவசாயிகளிடம் பெட்ரோல் போடக் காசில்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. எஞ்சினைக் கழற்றி எடுத்தார்கள். முன்பக்கம் ஏர்க்காலை மாட்டிக் குதிரைகளைப் பூட்டினார்கள். ரப்பர் டயரும் ஸ்பிரிங் பட்டையும் அப்படியே இருந்ததால் மரச்சக்கர வண்டியைவிட அது மெத்தென்று ஓடியது. அன்றைய பிரதமர் ஆர். பி. பென்னட் மேலிருந்த கோபத்தில் மக்கள் அதற்கு 'பென்னட் பக்கி' என்று பெயர் வைத்தார்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அதே மாதிரி வண்டி, அதிபர் ஹூவரின் பெயரில் 'ஹூவர் வேகன்' ஆனது.

அறுபது ஆண்டுகள் கழித்து அந்த வண்டியின் வாரிசு கணினித் திரையில் வந்தது. அணுப்போரில் எரிந்துபோன கலிஃபோர்னியாவைக் காட்டிய ஃபாலவுட் தொடரின் தொடக்க விளையாட்டுகளில், வணிகர்கள் பழைய காரின் கூட்டை வண்டியாக்கி, கதிர்வீச்சால் இரண்டு தலையோடு பிறந்த மாட்டை அதில் பூட்டிப் போவார்கள். ஒரு வரி விளக்கமும் தேவையில்லை. முன்பு பெட்ரோல் இருந்தது, இப்போது இல்லை. முன்பு தொழிற்சாலை இருந்தது, இப்போது மாடு இருக்கிறது. பேரழிவுக்குப் பிந்தைய உலகத்தைக் காட்டும் ஆர்பிஜி எனும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் பொருள்களை வடிவமைப்பவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிவருவது இதைத்தான். மாயாஜாலக் கதையில் வாள் வாளாகவே பிறக்கிறது. இங்கே எந்தப் பொருளுக்கும் இரண்டு வாழ்க்கை: அது முன்பு என்னவாக இருந்தது, இப்போது என்னவாக இருக்கிறது. இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்தால் பொருள் உயிர்பெறுகிறது. ஒன்று மட்டும் தெரிந்தால் அது வெறும் சாமான்.

இந்தத் தொழில் கணினியில் தொடங்கவில்லை. காகிதத்திலும் பகடையிலும் தொடங்கியது. 1978இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட காமா வேர்ல்டு என்ற மேசை விளையாட்டை ஜேம்ஸ் வார்டும் கேரி ஜாகெட்டும் உருவாக்கினார்கள். அதில் விளையாடுபவர்கள் நாகரிகம் அழிந்து பல தலைமுறைகளுக்குப் பின் பிறந்தவர்கள். இடிபாட்டில் ஒரு கருவி கிடைக்கும். அது கைவிளக்கா, வெடிகுண்டா என்று அவர்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் புத்தகத்தில் ஒரு பாதைப் படம் உண்டு. பகடையை உருட்ட உருட்ட, கட்டம் கட்டமாகக் காய் நகரும். ஒரு முனையில் கருவியின் பயன் புரியும். இன்னொரு முனையில் மண்டையோட்டுப் படம், அதாவது கருவி கையைப் பதம்பார்த்துவிட்டது. ஒரு பொருளைக் கண்டெடுப்பதைவிட அதைப் புரிந்துகொள்வதே சாகசம் என்று வார்டும் ஜாகெட்டும் கண்டுகொண்டார்கள். பின்னால் வந்த கணினி விளையாட்டுகள் பலவும் இந்தச் செல்வத்தைக் கைவிட்டன என்பது வருத்தமான விஷயம். அவற்றில் பொருளை எடுத்ததுமே பெயரும் பயனும் திரையில் வந்துவிடுகின்றன.

வண்டிகளுக்கான இலக்கணம் அடுத்து வந்தது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட கார் வார்ஸ், கணக்குப் போடப் பிடித்தவர்களுக்குத் திருவிழாவாக இருந்தது. பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு காரை முதலிலிருந்து கட்ட வேண்டும். சேசிஸ், சஸ்பென்ஷன், மோட்டார், டயர், கவசம் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: விலை, எடை, அடைக்கும் இடம். இயந்திரத் துப்பாக்கி ஒன்று 1000 டாலர், 150 பவுண்டு, ஓர் இடம். கவசத்தை முன், பின், இடம், வலம், மேல், அடி என ஆறு பக்கமும் பங்கிட வேண்டும். பின்பக்கத்தைக் கனமாக்கினால் முன்பக்கம் மெலியும். எண்ணெய் வளம் வற்றிப்போன எதிர்காலம் என்பதால் அந்தக் கார்கள் மின்சாரத்தில் ஓடின. உலகத்தின் கதைக்கும் பேனட்டுக்குள் இருக்கும் எஞ்சினுக்கும் முரண் இருக்கக் கூடாது என்ற பிடிவாதம் அதில் தெரிகிறது.

1985இல் ஒரிஜின் நிறுவனத்துக்காக ரிச்சர்ட் காரியட்டும் சக் பியூக்கியும் அதை ஆட்டோடூயல் என்ற கணினி விளையாட்டாக்கினார்கள். கையில் கார் இல்லாதவர், புதியவர்களுக்கான அரங்கப் போட்டியில் ஜெயித்துக் காசு சேர்க்கலாம். பிறகு சொந்தக் கார் கட்டலாம். அதில் ஊர்விட்டு ஊர் சரக்கு கொண்டுபோகலாம். பெட்டிக்குள் ஃபிளாப்பியோடு குட்டிக் கருவிப்பை ஒன்றும் வைத்திருந்தார்கள். கார் என்பது இங்கே ஓட்டும் சாதனம் மட்டுமில்லை. அதுதான் வீரனின் உடம்பு. உடம்பு வளர்வதுபோலக் கார் வளர்கிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1988இல், இன்டர்பிளே உருவாக்கிய வேஸ்ட்லேண்ட் வந்தபோது கார் காணாமல் போயிருந்தது. பிரையன் ஃபார்கோ தயாரித்து, ஆலன் பாவ்லிஷ் நிரலெழுதி, மேசை விளையாட்டுகளில் பழுத்த கென் செயின்ட் ஆண்ட்ரேவும் மைக்கேல் ஸ்டாக்போலும் கதையமைத்த விளையாட்டு அது. அதன் நாயகர்களான பாலைவன ரேஞ்சர்கள் நடந்தே போனார்கள். தாகத்துக்குத் தண்ணீர்க் குடுவை சுமந்தார்கள். ஃபிளாப்பியில் இடம் போதாததால் கதையின் பெரும்பகுதி ஒரு காகிதக் கையேட்டில் பத்தி எண்களோடு அச்சாகியிருந்தது. முன்கூட்டியே படிப்பவர்களை ஏமாற்ற, செவ்வாய் கிரகம் பற்றிய பொய்ப் பத்திகளும் அதில் கலந்திருந்தன. பொருள்களுக்குப் படம் வரைய நினைவகம் இல்லை, பெயர்தான் படம். அந்த நெருக்கடியிலும் ரொட்டி டோஸ்டர் பழுதுபார்க்கும் திறமையை விளையாட்டில் தனியாகச் சேர்த்தார்கள். உலகமே இடிந்து கிடக்கும்போது ஒருவன் டோஸ்டரைச் சரிசெய்யக் கற்றிருக்கிறான் என்றால் பழைய வாழ்க்கையின் காலை உணவு வேளை ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. 2014இல் வேஸ்ட்லேண்ட் 2 வந்தபோது வரைபடம் முழுக்க உடைந்த டோஸ்டர்களைப் போட்டு, சரிசெய்தால் உள்ளேயிருந்து பொருள் கிடைக்குமாறு செய்து, அந்தத் திறமைக்கு மரியாதை செய்தார்கள்.

வேஸ்ட்லேண்டின் பெயருரிமை வேறு கையில் இருந்ததால், இன்டர்பிளே புதிதாக ஓர் உலகத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. 1997இல் பிறந்த ஃபாலவுட் அப்படி வந்ததுதான். டிம் கெய்ன் அதைத் தொடங்கினார். கலை இயக்குநர் லியோனார்ட் போயார்ஸ்கியும் ஜேசன் ஆண்டர்சனும் அதற்கு முகம் கொடுத்தார்கள். அழிந்தது நம்முடைய உலகம் இல்லை. 1950களின் அமெரிக்கா கனவு கண்ட எதிர்காலம். இது போயார்ஸ்கியின் பெரிய யோசனை. வால்துடுப்பு வைத்த கார், வெற்றிடக் குழாய் வைத்த கணினி, எதற்கும் அணுசக்தி. இந்தக் கனவு கற்பனை இல்லை. 1958இல் ஃபோர்டு நிறுவனம் நியூக்ளியான் என்ற காரை உண்மையிலேயே முன்வைத்தது. பின்பக்கம் சிறு அணு உலை, காலியானால் மாற்றிக்கொள்ளலாம். உலை அந்த அளவுக்குச் சிறுக்கவே இல்லை, அதனால் எட்டில் மூன்று பங்கு அளவுள்ள மாதிரியோடு அது நின்றுபோனது. பின்னால் வந்த ஃபாலவுட் விளையாட்டுகளில் சாலையோரம் துருப்பிடித்து நிற்கும் காரைச் சுட்டால் அது குட்டி அணுகுண்டுபோல வெடிக்கும். நியூக்ளியான் வெற்றி பெற்றிருந்தால் அமெரிக்கச் சாலைகள் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது ஒரு பதில்.

ஃபாலவுட்டில் கவச உடைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று விளையாடியவர்கள் கேட்டதுண்டு. விடை பட்டறையில் இருக்கிறது. பாத்திரங்கள் அறுகோணக் கட்டங்களில் நடந்தன, ஆறு திசை. ஒவ்வொரு உடைக்கும் ஆண், பெண் இருவருக்கும், கத்தி, ஈட்டி, கைத்துப்பாக்கி, ரைஃபிள், ராக்கெட் லாஞ்சர் என ஆயுத வகை ஒவ்வொன்றுக்கும், நடை, ஓட்டம், சுடுதல், சாதல் என அசைவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படத்தொடர் வேண்டும். ஒரு புதிய சட்டை போட்டால் ஆயிரக்கணக்கான படங்கள். அதனால் ஒவ்வொரு உடையும் தன் இடத்தைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. ஒரு கை இல்லாத தோல் ஜாக்கெட் அந்தச் சலுகையைப் பெற்றது. 1981இல் வந்த மேட் மேக்ஸ் 2 படத்துக்குச் செலுத்திய வணக்கம் அது.

ஒரு வருடத்தில் வந்த ஃபாலவுட் 2 இந்த உலகத்தில் முதல் காரை ஓடவிட்டது. பெயர் ஹைவேமேன். அதைப் பெறும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொருளும் வண்டியும் கதையும் இவ்வளவு அழகாகப் பின்னிய இடம் அரிது. டென் என்ற ஊரில் ஸ்மிட்டி என்ற பழைய இரும்பு வியாபாரியின் கொட்டகையில் கார் நிற்கிறது. ஓடாது, எரிசக்திக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வேண்டும். அது வேறோர் ஊரில், கதிர்வீச்சில் தோல் உரிந்த மனிதர்கள் வாழும் கெக்கோவில் கிடைக்கும். அதைக் கொண்டுவந்து, பணமும் கொடுத்தால் கார் உங்களுடையது. பெட்ரோல் வேண்டாம், லேசர் துப்பாக்கிகளுக்குப் போடும் அதே மின்கலங்கள்தான் எரிபொருள். ஆக, எதிரியைச் சுடுவதா, பயணம் போவதா என்ற கேள்வி பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு உறுப்பைத் தேடிப் பொருத்தினால் அதே மின்கலத்தில் அதிக தூரம் போகலாம்.

ஆனால் விளையாடுபவர் ஹைவேமேனை ஒரு தெருவில்கூட ஓட்ட முடியாது. ஊருக்குள் அது நின்ற இடத்தில் நிற்கும் படம். வரைபடத்தில் மட்டும் வேகம். அதன் உண்மையான மதிப்பு டிக்கியில் இருந்தது. இந்தத் தொடரில் ஒருவர் சுமக்கக்கூடிய எடைக்குச் சூத்திரம் உண்டு: பலத்தை 25ஆல் பெருக்கி 25ஐக் கூட்டினால் வருவது பவுண்டு கணக்கு. பத்து துப்பாக்கி எடுத்தால் பதினோராவதை விட்டுவிட வேண்டும் என்ற வேதனையில் இருந்தவர்களுக்கு டிக்கி ஒரு வீடு. காரும் டிக்கியும் நிரலில் இரண்டு தனிப் பொருள்களாக இருந்ததால் வினோதமான பிழையும் வந்தது. சிலருக்குக் கார் ஓரிடத்தில் நிற்க, டிக்கி மட்டும் தனியே இன்னோரிடத்தில் இருந்தது. நியூ ரீனோ ஊரில் நிறுத்திவிட்டு வந்தால் காரையே திருடிக்கொண்டு போவார்கள். தேடிப்போய் மீட்க வேண்டும். அந்தத் திருட்டின்போது விளையாடியவர்கள் அடைந்த ஆத்திரம்தான் வடிவமைப்பு வென்றதற்குச் சான்று. எண்களால் ஆன ஒரு பெட்டியை இழந்ததற்கு யாரும் அப்படிக் கோபப்படுவதில்லை.

எரிபொருள் என்ற கேள்வியை இந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலும் தாண்டிப் போகின்றன. தேங்கிக் கிடக்கும் பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும். நூறு வருடம் கழித்து டேங்கில் இருப்பது பெட்ரோலாக இராது. வரலாறு இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பா முழுக்க விறகைச் சுட்டு வாயு எடுத்துக் கார் ஓட்டினார்கள். சென்னை மாகாணத்தின் சாலைகளிலும் அப்போது கரி பஸ் ஓடியது. பஸ்ஸின் பின்புறம் உயரமான உலை, கரியை ஊதி எரியவிட ஓர் ஆள், வாயு ஏறும்வரை காத்திருக்கும் பயணிகள். உண்மையில் நடந்த, கண்ணுக்கு இவ்வளவு விருந்தாகும் இந்த இயந்திரத்தைத் திரையில் அதிகம் காண முடியாதது இந்தத் துறையின் இழப்பு.

கீவ் நகரத்துக் கலைஞர்கள் வேறு பாதையில் போனார்கள். அவர்களுக்குப் பேரழிவு கற்பனை இல்லை, செர்னோபில் பக்கத்தில்தான் இருந்தது. 2007இல் வந்த ஸ்டாக்கர் விளையாட்டை உருவாக்கிய ஜிஎஸ்சி நிறுவனத்தார் அங்கே போய்ப் புகைப்படம் எடுத்து வந்து கட்டடங்களை வரைந்தார்கள். முந்தைய பதிப்புகளில் ஓட்டக்கூடிய வண்டிகள் இருந்தன, வெளியீட்டில் நீக்கப்பட்டன. நடந்து போனால்தான் செர்னோபில் மண்டலம் பயமுறுத்தும். எடுத்த முடிவு சரி. 2010இல் அதே நகரத்து 4ஏ கேம்ஸ், திமித்ரி குளுகோவ்ஸ்கியின் நாவலை வைத்துச் செய்த மெட்ரோ 2033இல் சுரங்கத்து மக்களின் காசு, போருக்கு முந்தைய நல்ல தோட்டா. சுரங்கத்திலேயே செய்த அழுக்குத் தோட்டா சுடுவதற்கு. இக்கட்டில் நல்ல தோட்டாவையும் சுடலாம். அது சேமிப்பைச் சுடுவது. துப்பாக்கிகள் குழாயும் வால்வும் வைத்துக் கட்டப்பட்டவை. ஒன்றைக் கையால் பம்ப் அடித்துக் காற்றழுத்தம் ஏற்ற வேண்டும். முகமூடி வடிகட்டி இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கைக்கடிகாரம் சொல்கிறது. திரையின் ஓரத்தில் எண்ணாகக் காட்டியிருக்க வேண்டியதை ஒரு பொருளாகக் கையில் கட்டிவிட்டார்கள்.

ஃபாலவுட் பெத்தெஸ்டாவின் கைக்குப் போனபின், 2008இல் வந்த மூன்றாம் பாகத்தில் பொருள் வடிவமைப்பு அதன் உச்சத்தைத் தொட்டது என்று சொல்லலாம். உருவங்களை வரைந்தவர் ஆடம் ஆடமோவிச், 2012இல் மறைந்தார். ஒரு கருவியை வரையும்போது அதை யார் செய்தார், எதைக் கொண்டு செய்தார் என்ற கதையையும் அவர் படத்தின் ஓரத்தில் எழுதிவைப்பார். அந்த மனநிலையின் விளைச்சல்தான் அதிலுள்ள கைவேலை ஆயுதங்கள். ரயில்வே ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊன்றுகோல், ஒரு பிரஷர் குக்கர், ஒரு நீராவி அளவி, ஓர் அணுக்கலம். ஊன்றுகோலின் அக்குள் பிடி தோளில் பொருந்துகிறது. குக்கர் அழுத்தம் தருகிறது. தண்டவாள ஆணி பறந்துபோய் எதிரியைச் சுவரோடு அறைகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ரயில் விசில். மருத்துவமனை, சமையலறை, ரயில் நிலையம் என்று அழிந்த ஊரின் மூன்று இடங்கள் ஒரே கருவியில் கூடிவிடுகின்றன. புல்வெட்டும் இயந்திரத்தின் தகடும் மோட்டார்சைக்கிள் டேங்கும் சேர்ந்து எரியும் வாளாகின்றன. பள்ளிப்பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில் சோடா மூடிகளை நிரப்பினால் கண்ணிவெடி. மூடிதான் அந்த உலகத்தில் காசு என்பதால் வெடிக்கும்போது சிதறுவது பணம்.

அதே விளையாட்டின் ஃபேட் மேன் என்ற ஏவுகருவி, தோளிலிருந்து குட்டி அணுகுண்டை எறியும். நாகசாகியில் விழுந்த குண்டின் பெயர் அது. ஜப்பானியப் பதிப்பில் பெயரை மாற்றினார்கள். மாற்றியிருக்கத்தான் வேண்டும். இரண்டு தலை மாட்டுக்கு இந்தத் தொடரில் வைத்த பெயர் 'பிராமின்'. அதே 2008இல், பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டி, இந்தியாவில் விளையாட்டை வெளியிடுவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. காரணம் இன்னதென்று விரித்துச் சொல்லவில்லை. பலரும் மாட்டைத்தான் சுட்டினார்கள். பொருளுக்கோ விலங்குக்கோ வைக்கும் பெயர் எத்தனை நாடுகளுக்குப் பயணம் போகும் என்பதை வடிவமைப்பாளர்கள் யோசித்தாக வேண்டும்.

வண்டி விஷயத்தில் மூன்றாம் பாகம் கையைப் பிசைந்தது. அதன் மென்பொருள் எஞ்சினில் ஓடும் வாகனத்துக்கு இடமே கிடையாது. 2009இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்ற துணைக்கதைக்கு ஒரு சுரங்க ரயில் ஓடியாக வேண்டும். ரயில் பெட்டியின் உருவத்தை அணியும் கவசமாகச் செய்து, விளையாடுபவரின் பாத்திரத்துக்கு மாட்டிவிட்டார்கள். காட்சி தண்டவாளத்தின்மேல் நகர்கிறது. விளையாடுபவர் ரயிலில் போவதாக நம்புகிறார். உண்மையில் அவர் ரயிலை அணிந்திருக்கிறார். சுருக்குவழி என்று இதை எள்ளுவது தவறு. கையில் இருக்கும் தட்டுமுட்டை வைத்துத் தேவையான இயந்திரத்தைக் கட்டுவது என்று அந்த உலகத்தின் மக்கள் செய்ததையே அந்த நிரலாளர்களும் செய்தார்கள்.

2015இன் நான்காம் பாகத்தில் கவசம் கிட்டத்தட்ட வாகனமாகவே மாறியது. இரும்புச் சட்டகம் ஒன்று தனியாக நிற்கும். முதுகுப்பக்கம் திறந்து உள்ளே ஏற வேண்டும். தலை, மார்பு, இரு கை, இரு கால் என்று தகடுகளைத் தனித்தனியே மாற்றலாம். அதற்குச் சக்தி தரும் ஃப்யூஷன் கோர் தீர்ந்தால் நடை தள்ளாடும். அதே விளையாட்டில் குப்பைக்கும் விலை வந்தது. மேசை மின்விசிறியை எடுத்தால் திருகாணியும் பல்சக்கரமும் கிடைக்கும். பசைக்குத் தட்டுப்பாடு அதிகம் என்பதால் சோளத்தையும் வேறு இரண்டு பயிர்களையும் சுத்தத் தண்ணீரில் காய்ச்சிப் பசை எடுக்கலாம். துப்பாக்கியைச் சீராக்குவதற்காகத் தோட்டம் போடும் நிலைமை. போருக்கும் பயிருக்கும் இப்படி ஒரு கயிறு கட்டியது நல்ல வேலை.

வேஸ்ட்லேண்டின் ரேஞ்சர்களுக்கும் கடைசியில் வண்டி கிடைத்தது. 2020இல் வந்த மூன்றாம் பாகத்தில் பனி மூடிய கொலராடோவில் அவர்கள் கோடியாக் என்ற கனரக வண்டியில் போகிறார்கள். சண்டையில் அதுவும் ஒரு வீரனாக நின்று சுடுகிறது.

பொருளுக்கும் வண்டிக்கும் இடையிலான கோட்டை முழுக்க அழித்தவர்கள் யாரும் அறியாத தன்னார்வலர்கள். கேட்டக்லிசம்: டார்க் டேஸ் அஹெட் என்ற இலவச விளையாட்டை 2013இலிருந்து அவர்கள் வளர்த்துவருகிறார்கள். அழகான படங்கள் இல்லை. எழுத்துக் குறிகளாலும் சிறு சதுரங்களாலும் ஆன உலகம். அதில் கார் என்று ஒரு பொருள் கிடையாது. சட்டகம் ஒரு சதுரம், இருக்கை ஒரு சதுரம், எஞ்சின், ஆல்டர்னேட்டர், பேட்டரி, டேங்க், சக்கரம் எல்லாம் தனித்தனி. கடையில் சாமான் தள்ளும் தள்ளுவண்டியும் அங்கே வாகனம்தான். சக்கரத்தைக் கழற்றினால் அது பைக்குள் போகும் பொருள். இன்னொரு சட்டகத்தில் வெல்டிங் செய்து மாட்டினால் வண்டியின் உறுப்பு. பள்ளிப் பேருந்தை எடுத்து, சமையல் அடுப்பு வைத்து, கூரையில் சோலார் தகடு போட்டு, முன்பக்கம் கூர் இரும்பு பொருத்தி அதிலேயே குடியிருப்பவர்கள் உண்டு. எடை கூடினால் எஞ்சின் திணறும். எரிபொருள் கூடுதலாகக் கரையும். விளையாட்டின் ஒவ்வொரு பொருளும் எவரும் திறந்து படிக்கக்கூடிய கோப்பில் எடை, கொள்ளளவு, உலோகமா துணியா என்ற விவரங்களோடு எழுதப்பட்டிருக்கிறது. புதிய வாணலியையோ புதிய டிரக்கையோ சேர்க்க விரும்புபவர் அந்த எண்களை நிரப்பி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் சரிபார்த்து, நிஜப் பொருளோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள்.